நான்காம் பலகை

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். இந்த வருடமும் உறைபனியில் புல் வெளுக்கவில்லை.

இந்த மலையில் நான் கண்ட முதல் மாட்டுப் பொங்கலன்று வாளித் தண்ணீர் மேலே கண்ணாடிப் பாளமாக உறைந்திருந்தது. குச்சியால் உடைத்துத்தான் முகம் கழுவினேன். இன்று காலை வெப்பமானி ஒன்பது டிகிரி காட்டுகிறது. ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டேன்.

குழாய்ச் சாமான் கடைக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. இன்று முதல் எழுதப் போகிறேன். எனக்கு ஒரு சாட்சி வேண்டும். எதற்கு என்பது போகப் போகத் தெரியும்.

பெயர் கோட்டைச்சாமி. வயது ஐம்பத்திரண்டு. அரசநல்லூர் நகராட்சியில் வால்வு ஆபரேட்டர். ஊருக்கு நாலாயிரம் அடி மேலே, கூத்தனாற்றின் குறுக்கே ஒரு சிறிய அணை. பக்கத்தில் ஓட்டுக் கட்டடம், அதற்குள் நான். அணையிலிருந்து ஒரே ஒரு இரும்புக் குழாய் மலையிறங்கிப் போய் முப்பதாயிரம் பேருக்குத் தண்ணீர் கொடுக்கிறது. தினமும் காலை ஏழு மணிக்கு, செல்போன் சிக்னல் கிடைக்கும் ஒரே பாறையில் ஏறி நின்று ஆபீசுக்கு மட்டம் சொல்ல வேண்டும். சுகந்தி என்ற பெண் எடுப்பாள்.

"மட்டம் எவ்வளவுண்ணே?"

"ஆறடி."

"ஓகேண்ணே."

மட்டம் என்றால் அணையில் எவ்வளவு நிற்கிறது என்பது. வரத்து என்றால் மேலேயிருந்து எவ்வளவு வந்து சேர்கிறது என்பது. அணையிலிருந்து அரை மணி நேரம் ஏறினால் ஓடை முழுவதும் பாறையில் வெட்டிய ஒரு வாய்க்குள் புகுந்து விழும். அங்கே குச்சியை ஊன்றி, நனைந்த உயரத்தை விரல் அகலத்தால் எண்ணி ஆழம் பார்ப்பேன். பொங்கல் சமயத்தில் பதினான்கு விரல் இருக்க வேண்டும். இன்று பத்து.

ஆபீஸ் படிவத்தில் மட்டத்துக்குக் கட்டம் இருக்கிறது. வரத்துக்குக் கட்டம் இல்லை.

ஜனவரி 19, திங்கள்

சுவரில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு மெமோவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். நகராட்சிப் பொறியாளர் ஞானசிகாமணி ஆறு வருடம் முன்பு எனக்குக் கொடுத்தது.

'கேட்கப்படும் விவரத்தை மட்டும் அளிக்கவும். கேட்கப்படாத கருத்துகளைத் தவிர்க்கவும்.'

முருகனை வாரத்துக்கு ஒரு முறை துடைக்கிறேன். இதைத் தினமும் துடைக்கிறேன்.

ஜனவரி 27, செவ்வாய்

வரத்து ஒன்பது. முதல் பலகை போட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பலகை என்று எழுதிவிட்டு விளக்காமல் விட்டுவிட்டேன். நாளைக்கு யாராவது படித்தால் புரிய வேண்டும்.

அணையின் அடியில் ஒரு சின்ன மதகு உண்டு. ஊருக்குக் குழாயில் போனது போக மிச்சத் தண்ணீர் அது வழியாக வெளியேறி ஓடையாகக் காட்டுக்குள் போகும். மதகில் நான்கு பலகை போட இடம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போடப் போட ஓடைக்குப் போவது குறையும், அணை மட்டம் இறங்காமல் நிற்கும். அதாவது, வரத்து பாதியாகக் குறைந்தாலும் பலகை கையிலிருக்கும் ஆள் ஆறடி காட்டிக்கொண்டே இருக்கலாம். நான்காவது பலகையும் விழுந்த பிறகு காட்ட முடியாது. அணை கிண்ணம் மாதிரி. மேலே அகலம், கீழே குறுகல். இறங்க ஆரம்பித்தால் முதலில் நிதானமாக இறங்கும், பிறகு ஓடும்.

மகள் பேசினாள். அங்கயற்கண்ணி, எனக்குக் கண்ணி. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் பாறையில் இருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைத்தாய்ச்சி, ஆறாவது மாதம். பாறைத்தெருவில் கடைசி வீடு, ஊரின் கடைசிக் குழாய். அவள் அம்மாவும் அங்கேதான் இருக்கிறாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சுப்பா."

இப்படி மூன்று நிமிடம் பேசுவோம். அவள் அம்மா பக்கத்தில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்கும்.

பிப்ரவரி 11, புதன்

ஆற்றின் பிறப்பிடம் வரை ஏறிப் போய் வந்தேன். மூன்று மணி நேர ஏற்றம்.

கூத்தனாறு மழையில் பிறக்கிற ஆறு இல்லை. மேலே இருக்கும் புல்வெளிதான் அதைப் பெற்றெடுக்கிறது. மழையையும் மூடுபனியையும் புல் குடித்து வைத்துக்கொண்டு, வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். அந்தக் கசிவெல்லாம் ஒரு சதுப்பில் சேர்ந்து, அங்கேயிருந்து ஓடையாக இறங்கும். முன்பெல்லாம் சதுப்பில் கால் வைத்தால் முழங்கால் வரை போகும். இன்று செருப்பு நனையவில்லை. பாசி பழுப்பாகி, காலில் நொறுங்கியது. போன ஐப்பசியில் மழை வராமல் இல்லை. ஒரே ராத்திரியில் முப்பது நாள் மழையும் கொட்டித் தீர்த்துவிட்டது. புல் குடிக்குமுன் அத்தனையும் உருண்டு போய்விட்டது. அதன் பிறகு வெயில்தான். மார்கழியில்கூட மூடுபனி காலை எட்டு மணிக்கு மேல் நிற்கவில்லை. ராத்திரியும் சூடு, பகலும் சூடு, மண்ணில் மிச்சமிருந்ததையும் காற்று குடித்துவிட்டது.

இந்தக் கதையை நான் ஒரு முறை ஆபீசுக்கு எழுதினேன். ஆறு வருடம் முன்பு, ஒரு மாசி மாதம். அப்போது நான் ஊரில் குவார்ட்டர்ஸில் இருந்தேன். வாரம் ஒரு முறை மலையேறி வந்து பார்ப்பேன். 'வரத்து சரிகிறது, இப்போதே முறை வைத்துத் தண்ணீர் விட்டால் சித்திரையைத் தாண்டலாம்' என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பதிலுக்கு வந்ததுதான் சட்டம் போட்ட மெமோ.

சித்திரை பதினாறாம் தேதி ஊர்க் குழாய்கள் செத்தன. நகராட்சி வாசலில் ஐந்நூறு பெண்கள் காலிக் குடத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். ஞானசிகாமணி படியில் நின்று மைக்கில் சொன்னார்: "மேல தண்ணிக்கு ஒரு குறையும் இல்லம்மா. வால்வு ஆபரேட்டர் கோட்டைச்சாமி குடிச்சிட்டு வால்வ மூடிட்டுத் தூங்கிட்டான். நடவடிக்கை எடுக்கிறோம்."

நான் குடிப்பதில்லை. அது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கூட்டம் அங்கேயிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தது. கதவு உடைந்தது. கல் ஒன்று கண்ணிக்கு இடது புருவத்தில் பட்டது. அவளுக்கு அப்போது பதினேழு வயது. ஆஸ்பத்திரியில் நான்கு தையல். நான் அடைக்கலமாகப் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தேன். திரும்பி வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. மறுநாள் மாற்றல் உத்தரவு. நிரந்தரமாக மலை மேலே.

சரி. கேட்கப்படாத கருத்துகளை இனி நான் சொல்லப் போவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில், சாகும்வரை.

பிப்ரவரி 20, வெள்ளி

இரண்டாம் பலகை. வரத்து எட்டு.

மளிகை பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளில் ஞானசிகாமணி சிரிக்கிறார். 'சித்திரை முதல் நாள் அரசநல்லூரில் 24 மணி நேரக் குடிநீர்த் திட்டம் தொடக்கம். அமைச்சர் குழாயைத் திறந்து வைக்கிறார்.' வெட்டி இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். எண்ணெய்க் கறை அவர் நெற்றியில் சரியாக விழுந்திருக்கிறது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இப்போது ஊருக்குக் காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். அன்றைக்கு எல்லா வால்வும் திறந்து ராத்திரி பகல் ஓடும். அந்த நேரத்தில் அணையில் மூன்றரை அடிதான் இருக்கும். மேலேயிருந்து வருவது பூனைக்குக்கூடப் போதாது. மறுநாள் மதியத்துக்குள் குழாய் வாய் காற்றை உறிஞ்சும். இருபத்து நாலு மணி நேரத் திட்டம் இருபத்து நாலு மணி நேரம்தான் ஓடும்.

பத்திரிகைக்காரன் தலைப்புக்கு யோசிக்கவே வேண்டாம்.

ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று வாய்விட்டுச் சிரித்தேன். குரங்கு ஒன்று பயந்து ஓடியது.

மார்ச் 2, திங்கள்

நேற்று மூன்றாம் பலகை போட்டேன். இன்று காலையே வெள்ளச்சி வந்துவிட்டாள்.

அணைக்குக் கீழே, ஓடையோரம் ஒன்பது வீடு. மலைவாழ் பளியர் குடி. வெள்ளச்சிக்கு நாற்பது வயது இருக்கும். கடுக்காய் பொறுக்கி விற்பாள், எனக்கு வாரம் பத்து முட்டை கொண்டுவந்து தருவாள். இன்று கையில் முட்டை இல்லை, காலிக் குடம்.

"ஏண்ணே, எங்க ஓடைய எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"வெயில் காலம்மா. வரத்துக் கொறஞ்சு போச்சு."

"வரத்துக் கொறஞ்சா ஒங்க அணையுமில்ல கொறயணும்? அது வயித்துப் புள்ளக்காரி மாதிரி ரொம்பிக்கெடக்கு. எங்க குட்டையில மீனு வெள்ளையாத் திரும்பிக்கெடக்கு."

"ஆபீஸ் உத்தரவு" என்றேன்.

அவள் மதகுப் பக்கம் போய்க் குனிந்து பலகைகளை எண்ணினாள். திரும்பி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உத்தரவு போட்டவரு யாரு, நீங்கதான? யாரு மேல கோவமோ அவுங்க சட்டையப் புடிங்கண்ணே. எங்க பானைய ஏன் புடிக்கிறீங்க?"

அணையிலிருந்தே மொண்டுகொள்ளச் சொன்னேன். ஒன்பது வீட்டாரும் இனி முக்கால் மைல் ஏறி வர வேண்டும். அவர்களுக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாம் பலகையை எடுத்துவிட்டேன். மரம் ஊறிப் போயிருக்கிறதா என்று பார்க்கத்தான்.

மார்ச் 5, வியாழன்

மரம் நன்றாகத்தான் இருக்கிறது. மறுபடி போட்டேன். இரண்டு நாளில் மட்டம் ஓர் அங்குலம் இறங்கிவிட்டது. நாளைக்குச் சுகந்தி ஏன் என்று கேட்டால்? கேட்டால் சொல்வேன். கேட்க மாட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று கண்ணிக்கு வளைகாப்பு. லீவு கிடைக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வெள்ளச்சி தண்ணீருக்கு வந்தவள், "புதுச்சட்ட போட்டுக்கிட்டுப் பாறையில எதுக்கு ஒக்காந்திருக்கீங்க?" என்று கேட்டாள். போன தீபாவளிச் சட்டை, பூச்சி அரிக்குமுன் போட்டுவிடலாம் என்று போட்டேன் என்றேன்.

ஐந்து மணிக்குக் கண்ணி கூப்பிட்டாள். பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம், வளையல் சத்தம். "அம்மாதான்பா ஒங்களக் கூப்பிட வேணாம்னு..." என்று ஆரம்பித்தாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

வரத்து ஐந்து.

கண்ணியிடம், "பெரிய டிரம் ரெண்டு வாங்கி ரொப்பி வை" என்றேன்.

"எதுக்குப்பா?"

"வாங்கி வைன்னா வை. வெயில் காலம்ல."

"இருபத்து நாலு மணி நேரமும் தண்ணி வரப்போகுதுன்னு மைக் போட்டுச் சொல்றாங்க. நீங்க டிரம் வாங்கச் சொல்றீங்க?"

"மாப்பிள்ளைய இன்னிக்கே போகச் சொல்லு."

இதில் தவறு ஒன்றும் இல்லை. அவள் கேட்காமல் நான் கருத்துச் சொல்லவில்லை. டிரம் வாங்கச் சொல்வது கருத்து ஆகாது.

மார்ச் 19, வியாழன்

ஞானசிகாமணியே கூப்பிட்டார்! ஆறு வருடத்தில் முதல் தடவை. குரல் அப்படியே இருக்கிறது, தொண்டையில் நெய் தடவியது மாதிரி.

நடந்தது இதுதான். என் மகள் டிரம் வாங்கியதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள். 'தண்ணிக்காரர் மக டிரம் வாங்குறாளாம்' என்று பாறைத்தெரு முழுக்க வாங்கியிருக்கிறது. அடுத்த தெருவும் வாங்கியிருக்கிறது. ஊரில் இன்று எந்தக் கடையிலும் டிரம் இல்லை.

"என்னய்யா கோட்டைச்சாமி, ஊருக்குள்ள புரளி கிளப்பிவிடுறியா? விழாவக் கெடுக்கணும்னே அலையிறியா? மட்டம் எத்தன?"

"ஆறடி சார்."

"நெசமா?"

"இப்பத்தான் அளவுகோலப் பாத்துட்டு வந்தேன் சார். ஆறடி."

"அவ்வளவுதான. அத மட்டும் சொல்லு. வேற எவன்கிட்டயும் வாயத் தொறக்காத."

"உத்தரவு சார்."

ஒரே ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டிருந்தால் தப்பியிருப்பார். அவர் நாக்கு நுனி வரை அது வந்திருக்குமோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். வரவில்லை. அந்த ஆளுக்கு வரத்து என்ற ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. இறங்கி வந்து சர்க்கரை போட்டுக் காபி குடித்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

வரத்து மூன்று. நான்காம் பலகையைப் போட்டுச் சந்துகளில் களிமண் அடைத்தேன். மதகுக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை.

போட்டு முடித்து நிமிர்ந்தால் வெள்ளச்சி எதிர்க் கரையில் நிற்கிறாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 30, திங்கள்

இந்த வாரம் முட்டை வரவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

மட்டம் இறங்கத் தொடங்கிவிட்டது. ஐந்தேகால்.

"அஞ்சே காலாண்ணே?" என்றாள் சுகந்தி. எழுதும் பேனா நின்றது எனக்குக் கேட்டது. "நேத்து அஞ்சரை சொன்னீங்க."

"ஆமா."

"வெயில்ல கொஞ்சம் எறங்குமா இருக்கும், இல்லண்ணே?"

"எறங்கும்."

"நாலடிக்கு மேல இருந்தாச் சரிதான்னு சார் சொல்லிருக்காரு. சரிண்ணே."

நல்ல பெண். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? யாராவது ஒருத்தர், ஒரே ஒரு வார்த்தை. ஊரே குடிக்கிறது, எங்கேயிருந்து வருகிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கண்ணி பேசவில்லை. கால் வீங்கியிருக்கிறது, படுத்திருக்கிறாள் என்று மாப்பிள்ளை சொன்னார்.

ஏப்ரல் 9, வியாழன்

நாலரை. வரத்து ஒன்றரை. பாறை வாயில் விரலை வைத்தால் இரண்டாம் கணு நனையவில்லை.

இன்னும் ஐந்து நாள். அமைச்சர் வர ரோட்டுக்குத் தார் போடுகிறார்களாம். போடட்டும், நன்றாகப் போடட்டும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மட்டம் மூன்றேமுக்கால். நாலடிக் கோட்டுக்குக் கீழே. காலையில் சுகந்தி பதறிப் போய்ச் சாரிடம் சொல்லியிருக்கிறாள். 'விழா முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்றாராம்.

நாலு மணிக்குக் கண்ணி கூப்பிட்டாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

"அப்பா, தெருவுல எல்லாரும் என்னையதான் கேக்குறாங்க. ஒங்க அப்பா என்ன சொல்றாரு, என்ன சொல்றாருன்னு. கொழா திருகப் போனாக் கேக்குறாங்க, கடைக்குப் போனாக் கேக்குறாங்க. நீங்க டிரம் வாங்கச் சொன்னதுலேருந்து எனக்கு மனசே சரியில்ல. ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. மேலேருந்து எவ்வளவுப்பா வருது?"

பாறையில் நின்றுகொண்டிருந்தவன் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி. ஞானசிகாமணி கேட்க வேண்டியது, கலெக்டர் கேட்க வேண்டியது. எட்டு மாத வயிற்றோடு என் மகள் கேட்கிறாள்.

கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் சட்டம்.

"ஒரு வெரல்" என்றேன்.

"ஒரு வெரல்னா?"

"ஒரு தெருவுக்குக் காணாது."

"எப்பலேருந்து தெரியும்?"

"தையிலேருந்து."

"தையிலேருந்து..." என்றாள். "ஆபீசுல சொல்லலியா?"

"அவங்க கேக்கல."

"அப்பா, அன்னிக்கு அந்தாளு மைக்குல ஒங்க பேரச் சொன்னதும் கூட்டம் ஆபீசுக்கா போச்சு? நம்ம வீட்டுக்குத்தான வந்துச்சு? நாளன்னிக்கும் ஒங்க பேரத்தான் சொல்லுவாரு. நீங்க மலையில இருக்கீங்க. அவங்க எந்தக் கதவுக்கு வருவாங்கன்னு யோசிச்சீங்களா?"

வைத்துவிட்டாள்.

நான் யோசிக்கவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விரல் கணக்கு, அடிக் கணக்கு, நாள் கணக்கு, செய்தித்தாள் தலைப்பு வரை போட்டேன். இதை யோசிக்கவில்லை. அவள் புருவத்தில் இருக்கும் தழும்பை நினைத்து நினைத்துத்தான் ஒவ்வொரு பலகையும் போட்டேன். அந்தப் பெண் இப்போது எந்தத் தெருவில் இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டேன். பதிவேட்டில் எண்பது நாளாக ஆறடி ஆறடி என்று இருப்பது என் கையெழுத்து.

ஏப்ரல் 13, திங்கள்

ஏழு மணிக்கு மட்டம் சொல்லிவிட்டு, கேட்காமலே வரத்தும் சொன்னேன். பொங்கலிலிருந்து இன்று வரை தேதி தேதியாகப் படித்தேன். சுகந்தி எழுதிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, "அண்ணே, இது எனக்குப் பயமா இருக்கு" என்றாள். சாரிடம் கொடுக்கச் சொன்னேன்.

எட்டரைக்கு அவர் கூப்பிட்டார்.

"இப்ப வந்து சொல்றியா? நாளைக்கு அமைச்சர் வர்றாருய்யா!"

"விழாவ நிறுத்துங்க சார். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் விட்டா இருக்கிற தண்ணி இருபத்தஞ்சு நாள் வரும். அதுக்குள்ள கோடை மழை ஒண்ணு விழுந்தாப் பொழைச்சுக்கலாம். நாளைக்குத் தொறந்தா நாளன்னிக்கு ஒண்ணுமே இருக்காது."

"நாளன்னிக்கு நடக்கிறத நாளன்னிக்குப் பாத்துக்கலாம். காலையில ஆறு மணிக்கு வால்வ முழுசாத் தொறந்து வைக்கிற. இல்ல, சீட்டக் கிழிச்சிருவேன்."

நாளன்றைக்கு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். மைக் எடுப்பார்.

நான் இப்போது சும்மா இருந்தால் போதும். திட்டம் போட்டபடி எல்லாம் நடக்கும். அவர் மாட்டுவார். என் மகள் கதவும் உடையும். ஊரில் குடிக்கச் சொட்டும் இருக்காது. வால்வை மூடினால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் அவருக்கு ஆள் கிடைத்துவிடும். அன்றைக்குச் சொன்னது பொய். நாளைக்குச் சொல்வது உண்மையாகிவிடும். அவர் சொன்ன பொய்யை என் கையாலேயே நான் நிஜமாக்கிக் கொடுக்க வேண்டும். இதை எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

கண்ணியைக் கூப்பிட்டு நாளைக்கு என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னேன். "தெருவுல சொல்லட்டுமா?" என்றாள். ஊருக்கே சொல் என்றேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. காலை ஆறு மணிக்கு வால்வை மூடினேன். முப்பத்தெட்டுச் சுற்று. சாவியைக் கழற்றி அணைக்குள் எறிந்தேன். மட்டம் இரண்டடிக்குப் போனால் அது தானாகவே தெரியும்.

பிறகு மதகுக்குப் போய் நான்காம் பலகையை உருவினேன். ஒரு கை அகலத்துக்கு ஓடை போயிற்று. ஒன்பது வீட்டுக்கு அது போதும்.

பத்து மணிக்கு ஊரில் அமைச்சர் குழாயைத் திருகியபோது குழாய் காற்றைத் துப்பியிருக்கிறது. சுகந்தி சொன்னாள். மாலை, பட்டுத்துண்டு, மேளம், எல்லாவற்றுக்கும் நடுவில் புஸ்ஸென்று ஒரு சத்தம். ஞானசிகாமணி முகம் வெளுத்துவிட்டதாம். ஆறு வருடமாக நான் காத்திருந்த முகம், பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அதுவும் ஒரு நிமிடம்தான். உடனே மைக்கை வாங்கி, "மேல இருக்கிற ஆபரேட்டர் கோட்டைச்சாமி வேணும்னே வால்வ மூடிட்டான்" என்று சொல்லிவிட்டார். அமைச்சர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தாராம்.

ஒரு மணிக்கு ஜீப் வந்தது. ஒரு இளநிலைப் பொறியாளர், இரண்டு போலீஸ்காரர்கள், மாற்றுச் சாவி. "முதல்ல ஒரு எடத்தப் பாருங்க, அப்புறம் என்னைய எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க" என்று பொறியாளரைப் பாறை வாய்க்குக் கூட்டிப் போனேன். அவரையே விரலை வைக்கச் சொன்னேன். வைத்தவர் எடுக்காமல் ரொம்ப நேரம் அப்படியே குந்தியிருந்தார். கீழே வந்து சிக்னல் பாறையில் ஏறிக் கலெக்டர் ஆபீசுக்குப் பேசினார். வால்வை எட்டுச் சுற்றுதான் திறந்தார், அதுவும் ஒரு மணி நேரம்.

ஏப்ரல் 15, புதன்

ஏழு மணி. பாறை.

"மட்டம் எவ்வளவுண்ணே?"

"மூணரை."

"வரத்து?"

சொன்னேன். படிவத்தில் ஓரமாகப் பேனாவால் ஒரு கட்டம் போட்டிருக்கிறாளாம். என் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு டைப் ஆகிக்கொண்டிருப்பதையும் அவள்தான் சொன்னாள். வேறு ஆள் வரும்வரை நான்தான் அளக்க வேண்டும். ஞானசிகாமணி மீது ஒரு நடவடிக்கையும் இல்லை. மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் இந்த டைரியில் யாரும் தேட வேண்டாம்.

வீட்டுத் திண்ணையில் பத்து முட்டை இருந்தது.

மாலையில் கண்ணி கூப்பிட்டாள். நேற்றுக் கூட்டம் பாறைத்தெருவுக்கு வந்திருக்கிறது. தெருக்காரர்கள் பாதிப்பேர் முன்னாலேயே நின்று, அந்த மனிதர் முந்தின நாளே சொல்லிவிட்டார் என்று சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரு குடம் பறந்து வந்து கதவில் பட்டிருக்கிறது.

"பிளாஸ்டிக்குதான்பா. கதவுக்கு ஒண்ணும் ஆகல. அம்மாதான் வாசல்ல நின்னுச்சு, யாரையும் உள்ள விடல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அம்மா ஒங்ககிட்டப் பேசணுங்குது."

போன் கை மாறியது. ஆறு வருடம். அன்றைக்கு நீதான் மூடினாயா என்று ஊரே என்னிடம் கேட்டது, போலீஸ் கேட்டது, பத்திரிகைக்காரன் கேட்டான். அவள் ஒருத்தி கேட்கவில்லை. மைக்கில் சொன்னதைக் கேட்டாள், மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் ஞானசிகாமணியைப் பற்றித்தான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

"நெசமாவே நீங்கதான் மூடுனீங்களா?" என்றாள்.

"ஆமா."

பின்னால் பாத்திரச் சத்தம் இல்லை. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப, அன்னிக்கு?"

கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

"அன்னிக்கு நான் மூடல, பேச்சி."